இறக்கிய எஞ்சினை ஏற்றுவது எப்படி?

விடிவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கு விழித்துக்கொள்கிறது. போடிநாயக்கனூர், தேவாரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தூக்குவாளியும் கையுமாக ஏலத் தோட்டத் தொழிலாளர்கள் அவற்றில் ஏறுகிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். போடிமெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் ஏதேனும் ஒன்றில் ஏறி, இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, மாலையில் அதே வழியாக அந்த ஜீப்புகள் திரும்புகின்றன. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இந்த மலைவழிகளில் ஓடித் தேய்ந்த பழைய ஜீப் ஒன்று உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் புதுப்பிக்க விரும்பி எஞ்சினை இறக்கினீர்கள். சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் பேரிங்குகளும் போட்டு, எஞ்சினைப் புத்தம் புதியதுபோல் ஆக்கியும் விட்டீர்கள். இனி அதைத் திரும்ப வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. 'கழற்றியதைத் திருப்பி மாட்டுவதில் என்ன கஷ்டம்?' என்று உங்களுக்குத் தோன்றலாம்.

கஷ்டம் இருக்கிறது. மிகச் சிறப்பாகச் செப்பனிட்ட எஞ்சினும் வண்டியில் ஏற்றும் அந்தக் கால் மணி நேரத்தில் பாழாகிவிடக் கூடும். எஞ்சின் தானாக வந்து உட்கார வேண்டும்; போல்ட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்கக் கூடாது. இந்த ஒரு விதியின் காரணத்தை அறிந்துகொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

ஜீப்பும் அதன் எஞ்சினும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் ராணுவத்துக்காக ஜீப்புகளைத் தயாரிக்கத் தொடங்கியது. போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது.

போர்க்கால ஜீப்பின் எஞ்சினில் காற்றை உள்ளே விடும் வால்வு, புகையை வெளியேற்றும் வால்வு ஆகிய இரண்டும் சிலிண்டர்களுக்குப் பக்கவாட்டில் இருந்தன. அதனால் எஞ்சின் குட்டையாக இருந்தது. பின்னர் வந்த 'ஹரிக்கேன்' எஞ்சினில் உள்வால்வைத் தலைப்பகுதிக்கு மாற்றினார்கள். எஞ்சினின் உயரம் கூடிவிட்டது. அதை மூடும் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 1953இல் வெளிவந்த 'சிஜே 3பி' ஜீப்பின் நெற்றி உயர்ந்து தெரிவதற்கு இதுவே காரணம். நம் நாட்டுச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய ஜீப்பின் முகம் இதுதான். டீசல் எஞ்சின்கள் பின்னால் வந்தன. அவற்றுள் சில, பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் வடிவமைப்பைக் கொண்டவை.

ஹரிக்கேன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 79.4 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 111.1 மில்லிமீட்டர். நான்கின் கொள்ளளவும் சேர்ந்து 2.2 லிட்டர். அமெரிக்க இளைஞர்கள் இன்று ஆசையோடு புதுப்பிக்கும் 1964ஆம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ. காரில் இருப்பதோ எட்டு சிலிண்டர்கள் கொண்ட 6.4 லிட்டர் எஞ்சின். அளவில் இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாதவை. ஆனால் கிளட்ச் உள்ள வண்டி எதுவானாலும் எஞ்சினை ஏற்றும் விதி ஒன்றே.

தொங்கும் பாரம்

ஜீப் எஞ்சினின் எடை ஒன்றரைக் குவிண்டாலுக்குக் குறையாது. அதைத் தூக்க ஒரு டன் தாங்கும் செயின் பிளாக்கும், அதை மாட்ட உறுதியான இரும்பு முக்காலியும் வேண்டும். கொட்டகையின் உத்தரத்தையோ புளியமரக் கிளையையோ நம்ப வேண்டாம். மரத்துக்குள் பொத்தல் இருந்தால் வெளியே தெரியாது. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் ஒருவர் கைகூட நுழையக் கூடாது.

ஒரு பொருளைக் கட்டித் தொங்கவிட்டால், அதன் ஈர்ப்பு மையம் தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே வந்து நிற்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எஞ்சினின் ஈர்ப்பு மையம் அதன் நடுவில் இருப்பதில்லை. பின்முனையில் பிளைவீலும் கிளட்சும் இருப்பதால், அது பின்புறம் நோக்கிச் சற்றுத் தள்ளியிருக்கும். சங்கிலியின் நடுவில் கொக்கியை மாட்டினால் எஞ்சினின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் தூக்கிக்கொள்ளும். கொக்கியை ஒரு கண்ணி பின்னால் மாற்றினால் சாய்வு குறையும். இவ்வாறு கண்ணி கண்ணியாக மாற்றி நமக்கு வேண்டிய சாய்வைப் பெறலாம்.

சங்கிலியின் இரு கால்களுக்கும் இடையேயுள்ள கோணமும் முக்கியம். கோணம் 60 பாகையானால் ஒவ்வொரு காலும் எஞ்சின் எடையில் 58 விழுக்காட்டைத் தாங்கும். கோணம் 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும். சங்கிலி குட்டையாக இருந்தால் கோணம் விரியும். ஆகவே போதிய நீளமுள்ள சங்கிலியையே பயன்படுத்துங்கள்.

ஒரே நேர்கோடு

இப்போது கிளட்சைப் பார்ப்போம். எஞ்சினின் கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழல்வது பிளைவீல் என்னும் கனத்த சக்கரம். அதன்மேல் கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருக்கிறது. பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடித்திருப்பது வில்சுருள்கள் பொருத்திய பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதித்தால் அழுத்தம் நீங்கி, கிளட்ச் பிளேட் விடுபடும். காலை எடுத்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் வேலை செய்பவர்கள், கியர் பாக்ஸை வண்டிச் சட்டத்திலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் இறக்கி ஏற்றுவது வசதி. எஞ்சின் இல்லாதபோது கியர் பாக்ஸின் முன்பகுதி தொங்கிவிடாமல் அடியில் ஒரு ஜாக்கி கொடுத்திருக்க வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து முன்னோக்கி ஒரு தண்டு நீண்டிருக்கும். அதன் மேற்புறத்தில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருப்பார்கள். நுனி மட்டும் வழவழப்பாக இருக்கும்.

எஞ்சின் பின்னோக்கி நகரும்போது மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். தண்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டின் நடுத் துளையிலுள்ள பள்ளங்களில் நுழைய வேண்டும். தண்டின் நுனி, கிராங்க் தண்டின் மையத்திலுள்ள 'பைலட் புஷ்' என்னும் சிறு வளையத்துக்குள் போய் அமர வேண்டும். கடைசியாக, கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் விளிம்பு எஞ்சினின் பின்முகத்தோடு சுற்றிலும் படிய வேண்டும். கிராங்க் தண்டு, கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ் தண்டு ஆகிய மூன்றின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் இவை நடக்கும்.

இதில் முதற்படி எஞ்சின் தரையில் இருக்கும்போதே தொடங்குகிறது. பிரஷர் பிளேட்டை முடுக்கிய பிறகு கிளட்ச் பிளேட்டை அசைக்க முடியாது. ஆகவே முடுக்குவதற்கு முன்பே, பழைய கியர் பாக்ஸ் தண்டு ஒன்றையோ அதே அளவில் கடைந்த கட்டையையோ நடுவில் செருகிப் பிளேட்டை மையத்தில் நிறுத்த வேண்டும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பிளேட்டில் கிரீஸ் பட்ட விரலை வைத்துவிடாதீர்கள். உராய்வை நம்பி வேலை செய்யும் பொருளுக்கு எண்ணெய் எதிரி. பிளேட்டின் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்பதையும் கழற்றும்போதே குறித்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து எஞ்சினைத் தூக்கி, ரேடியேட்டரை எடுத்துவிட்ட முன்பக்கம் வழியாக மெதுவாக உள்ளே இறக்குங்கள். கியர் பாக்ஸ் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவே எஞ்சினும் சாய்ந்திருக்க வேண்டும். தண்டின் பற்கள் பள்ளங்களில் இடித்து நின்றால், வண்டியைக் கியரில் போட்டுவிட்டு, ஒருவர் கிராங்க் தண்டை முன்பக்கத்திலிருந்து மெல்லத் திருப்பட்டும். பல்லுக்கு நேராகப் பள்ளம் வந்ததும் எஞ்சின் 'சட்டென்று' பின்னால் நகர்வதைக் கையில் உணர்வீர்கள்.

இனிப் பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால் எஞ்சினின் முன்புறம் தேவைக்கு மேல் தூக்கியிருக்கிறது என்று பொருள். மேலே அகலமாக இருந்தால் முன்புறம் தாழ்ந்திருக்கிறது. செயின் பிளாக்கையும் ஜாக்கியையும் சிறிது ஏற்றி இறக்கி, இடைவெளி சுற்றிலும் சமமாகும்படி செய்யுங்கள். சமமானால் இரு கைகளால் எஞ்சினை ஆட்டித் தள்ளினாலே போதும். அது போய் அமர்ந்துவிடும்.

போல்ட்டின் ஆசை வார்த்தை

இங்கேதான் சோதனை. பொழுது சாய்கிறது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. எஞ்சின் நகர மறுக்கிறது. 'நீளமான போல்ட் இரண்டைப் போட்டு முடுக்கினால் தானே வந்துவிடும்' என்று உதவிக்கு வந்தவர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதான், வந்துவிடும். ஆனால் என்ன விலை கொடுத்து?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 10 கிலோ எடையளவு விசை கொடுக்கிறீர்கள். கை சலிக்காமல் எவரும் கொடுக்கக்கூடிய விசைதான் இது. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டில், உராய்வில் போகும் பெரும்பகுதி நீங்கலாக, ஏறக்குறைய ஒரு டன் இழுவிசை உண்டாகிறது. பள்ளத்தில் நுழையாமல் இடித்து நிற்கும் தண்டின் வழியாக, அந்த ஒரு டன்னும் கிளட்ச் பிளேட்டின் மையத்தையும் பைலட் புஷ்ஷையும் தாக்குகிறது. பிளேட்டின் மையம் வளையலாம், புஷ் நசுங்கலாம். வார்ப்பிரும்பாலான ஹவுசிங்கின் காது வெடிக்கலாம். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும்; இழுப்பையும் வளைப்பையும் அவ்வளவாகத் தாங்காது. இவ்வளவும் உள்ளே நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் அழகாக உட்கார்ந்திருக்கும்.

எஞ்சின் நகர மறுத்தால் அது நமக்கு ஏதோ சொல்கிறது. ஒன்று, நேர்கோடு தவறியிருக்கிறது. அல்லது நடுவில் ஒரு கம்பியோ குழாயோ சிக்கியிருக்கிறது. ஒரு சாண் முன்னால் இழுத்து, பார்த்து, மறுபடி முயல்வதே வழி. இடைவெளி முழுவதும் மூடிய பிறகுதான் போல்ட்டுகளில் ஸ்பானர் படலாம்.

ஒன்பதாவது வளைவில் தெரியும் பிழை

கிளட்ச் பிளேட் வளைந்துவிட்டால் என்ன ஆகும்? பெடலை முழுவதும் மிதித்தாலும் அது பிளைவீலிலிருந்து சரியாக விடுபடாது. ஒரு பக்கம் உரசிக்கொண்டே சுழலும். சமவெளியில் கியர் மாற்றும்போது 'கர்ர்' என்ற ஓசையோடு இது முடிந்துவிடலாம். மலை இறக்கத்தில் அப்படி முடியாது.

ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு ஜீப் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று கொள்வோம். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ இவ்வளவுதான். அப்போது அந்த ஜீப் இழக்கும் நிலை ஆற்றல் 1 கோடியே 76 லட்சம் ஜூல். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். இவ்வளவையும் பிரேக்குகள் மட்டுமே வெப்பமாக மாற்ற வேண்டுமானால், அவை சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள். சிஜே 3பி ஜீப்பில் முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் 15 சுற்றுச் சுற்றுகிறது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்ற முயலும். எஞ்சினோ தன் உராய்வாலும், பிஸ்டன்கள் காற்றை இழுக்கப் படும் பாட்டாலும் சக்கரத்தைத் தடுக்கும். பிரேக்கின் சுமையில் ஒரு பங்கை எஞ்சின் இவ்வாறு ஏற்றுக்கொள்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் இறக்கத்தின் நடுவே கியரைக் குறைக்க விரும்பி, கியரை நியூட்ரலுக்கு எடுக்கிறார். வளைந்த பிளேட் விடுபடாததால் சிறிய கியர் விழ மறுக்கிறது. அந்த நொடியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லை. ஏற்கெனவே சூடேறிய பிரேக்கைத் தவிர வேறு துணையும் இல்லை. கொட்டகையில் ஒரு மாலைப்பொழுதில் காட்டிய அவசரம், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வந்து கணக்குக் கேட்கிறது.

மெத்தைகளும் முறுக்கும்

ஜீப்பின் எஞ்சின் முன்புறம் இரண்டு ரப்பர் மவுண்டிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்புறத்தைக் கியர் பாக்ஸின் அடியிலுள்ள மவுண்டிங் தாங்குகிறது. அதிர்வைக் குறைப்பது இவற்றின் வேலைகளில் ஒன்றுதான். முறுக்கு விசையைத் தாங்குவதும் இவையே.

ஹரிக்கேன் எஞ்சினின் உச்ச முறுக்கு விசை ஏறக்குறைய 154 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் முனையில் 16 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு இது சமம். முதல் கியரோடு மலைக்குரிய குறைந்த வேகப் பற்களையும் சேர்த்தால், கியர்கள் இதை ஏழு மடங்காக்குகின்றன. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே முறுக்கு எதிர்த்திசையில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் திருப்ப முயலும். ஒரு மீட்டர் கம்பியின் முனையில் நூறு கிலோவுக்கு மேல் தொங்குவது போன்ற அந்த முறுக்கைத் தாங்குவன இந்த ரப்பர் மெத்தைகளே. எண்ணெய் ஊறி உப்பிய பழைய ரப்பரை மறுபடி போடாதீர்கள். மவுண்டிங் போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும் ஏற்றி, எஞ்சினின் முழு எடையும் இறங்கிய பிறகு முடுக்குங்கள். தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

ரப்பரால் இன்னொரு விளைவும் உண்டு. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். வண்ணம் பூசிப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய ஜீப்புகளில் 6 வோல்ட் பாட்டரியே இருந்தது. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலும் 2 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். பட்டையே இல்லாவிட்டால் மின்னோட்டம் சோக் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி என்று கிடைத்த வழியில் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும். பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் பொருத்துங்கள்.

முதல் முழக்கம்

எஞ்சின் அமர்ந்துவிட்டது. ரேடியேட்டரில் நீரும், எஞ்சினில் எண்ணெயும் ஊற்றியாயிற்று. உடனே ஸ்டார்ட் செய்யலாமா? கூடாது. பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையே தலைமுடியின் பருமனைவிடக் குறைந்த இடைவெளியே உள்ளது. அதை எண்ணெய்ப் படலம் நிரப்பினால்தான் இரும்பு இரும்போடு உரசாது. ஆகவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். பிளக்குகள் இல்லாததால் சிலிண்டருக்குள் அழுத்தம் சேராது. பேரிங்குகளுக்குச் சுமையும் இல்லை. முள் எழுந்த பிறகு பிளக்குகளை மாட்டி எஞ்சினை ஓடவிடலாம்.

கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை அது எதிர்ப்பின்றி இறங்க வேண்டும். இந்தத் தளர்வு இல்லாவிட்டால் கிளட்ச் பேரிங் எப்போதும் உரசித் தேயும். தளர்வு மிகுந்தால் கிளட்ச் விடுபடாது.

கடைசியாக ஓர் எளிய சோதனை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, நிற்கும் வண்டியில் கிளட்சை முழுவதும் மிதித்து, சில விநாடிகள் காத்திருந்து, முதல் கியரைப் போடுங்கள். பழைய ஜீப்பில் முதல் கியருக்கு வேகத்தைச் சமன்படுத்தும் அமைப்பு கிடையாது. எனவே கிளட்ச் பிளேட் சிறிது சுழன்றுகொண்டிருந்தாலும் பற்கள் கர்ரென்று காட்டிக் கொடுத்துவிடும். ஓசையின்றிக் கியர் விழுந்தால் உங்கள் நேர்கோடு சரியாக இருக்கிறது. ஓசை கேட்டால் முதலில் பெடலின் தளர்வைச் சரிபாருங்கள். அதன் பிறகும் ஓசை நிற்காவிட்டால், மனம் சலிக்காமல் மறுபடியும் எஞ்சினை இறக்குங்கள். அந்த ஒரு நாள் வேலை வீணல்ல.

முதல் நூறு கிலோமீட்டரை சமவெளிச் சாலையிலேயே ஓட்டி, மவுண்டிங் போல்ட்டுகளையும் ஹோஸ் குழாய்களையும் மீண்டும் பாருங்கள். சூடேறி ஆறும்போது ரப்பரும் கேஸ்கட்டும் படிவதால் போல்ட்டுகள் தளர்வது இயல்பு. பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக டீசல் எஞ்சின் வைக்க எண்ணுவோர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மறந்துவிடலாகாது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முன் அனுமதி வேண்டும்.

அடுத்த முறை போடிமெட்டிலோ குமுளிச் சாலையிலோ ஜீப்பில் இறங்கும்போது, ஓட்டுநரின் இடது காலையும் கையையும் கவனியுங்கள். வளைவுக்கு முன்னால் கிளட்சை மிதிக்கிறார், கியரைக் குறைக்கிறார், எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பின்னால் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவதுகூட இல்லை. அவர்களுடைய அந்த நிம்மதி, என்றோ ஒருநாள் ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சினை ஒரு சாண் முன்னால் இழுத்து, மறுபடி முயன்றதால் கிடைத்தது.